சலீம் காரின் சிவப்பு விளக்கும் என் சிவப்பு அம்பும்

ஆயில் ஃபில்டர் விற்பதைப் போல நன்றி கிடைக்காத வியாபாரம் வேறு இல்லை. நல்ல ஃபில்டராக இருந்தால் காரில் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காததற்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்?

கார் வைத்திருக்கும் நீங்களும் இந்த அவஸ்தையைப் பட்டிருப்பீர்கள். கடைக்குப் போய் உங்கள் வண்டிப் பெயரைச் சொல்லி ஆயில் ஃபில்டர் கேட்டால், கடைக்காரர் மூன்று அட்டை டப்பாக்களை எடுத்து வைப்பார். மூன்றுக்குள்ளும் பால் டம்ளர் உயரத்தில் ஒரு தகரக் குப்பி. விலை மட்டும் வேறு வேறு. எது நல்லது என்று கேட்டால், எல்லாமே நல்லதுதான் என்பார். தேங்காயைக்கூடத் தட்டிப் பார்த்து வாங்கலாம். இதைத் தட்டினால் மூன்றும் ஒரே மாதிரி சத்தம் போடும். விழித்துக்கொண்டே நடு விலை டப்பாவை வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். நானும் உங்களைப் போல விழித்தவள்தான். ஒரே வித்தியாசம், நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விழித்தேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் செக்கிங் டேபிளில். ஷூவின் மேல்பாகம் தைத்து வரும். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ண வேண்டும். பிசகிய இடத்தில் நெல் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நல்லதற்கு ஸ்டிக்கர் கிடையாது, அது பேசாமல் போய்ப் பெட்டியில் ஏறிவிடும். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வேலையிலிருந்து நின்ற பிறகு, என் தம்பி தனபால் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் வைத்திருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார ஆரம்பித்தேன். நாலு பேர் சேர்ந்து வந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஃபில்டர் என்று ஒன்று என் கைக்கு வந்த பிறகு, காலையில் ஷட்டர் தூக்கும் முன்பே நான் வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வெட்டு

எங்கள் கடைக்கு ஒட்டினாற்போல் மணி மேஸ்திரியின் மெக்கானிக் ஷெட். கழற்றிய பழைய ஃபில்டர்களை அவர் ஒரு மூலையில் உருட்டிவிட்டிருப்பார். ஒரு நாள் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, தகரம் வெட்டும் கத்திரியால் சுற்றி வெட்டித் திறந்தேன். உள்ளே காகிதம். விசிறி மடிப்பாக மடித்து, வட்டமாக வளைத்து நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு மடிப்பும் அடுத்ததற்கு ஒரே இடைவெளி. என்னை அறியாமல் விரல் நகத்தை வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஐம்பத்தெட்டு மடிப்பு. இத்தனை வருஷம் தையல் எண்ணிய எனக்கு, தகர டப்பாவுக்குள் யாரோ ஒருவர் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையைச் செய்து மூடி வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்ததும் கண்ணே கலங்கிவிட்டது.

அடுத்ததை வெட்டினேன். வெளியே பார்க்க முதலாவதைவிடப் பளபளப்பு. உள்ளே முப்பத்தொன்பதுதான். இரண்டு இடத்தில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன, ஓரத்துப் பசை முக்கால் வட்டத்தோடு நின்றுவிட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்ஜின் தேயும்போது வரும் இரும்புத் துகளையும் கரியையும் பிடிப்பது இந்தக் காகிதம்தான், மடிப்பு கம்மியானால் காகிதம் கம்மி, பசை விட்ட சந்து வழியாக அழுக்கு ஆயில் வடிகட்டாமலே நேராக இன்ஜினுக்குப் போய்விடும் என்று அவர் விளக்கினார். சாயங்காலத்துக்குள் மூலையில் கிடந்த அத்தனையையும் வெட்டிவிட்டேன். கல்லாவில் கரி, கணக்குப் பிள்ளை நாற்காலியில் கரி, என் புடவையில் கரி. தனபால் மதியச் சாப்பாடு முடிந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

“அக்கா, உன்னை ஃபில்டர் விக்கத்தான் உக்கார வச்சேன், போஸ்ட்மார்ட்டம் பண்ண இல்ல.”

உள்ளங்கைத் தராசு

பஷீர் பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர். வாழ்நாள் முழுக்கத் தோல் தரம் பிரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவி, இது எந்த கிரேடு என்று சொல்லிவிடுவார் என்று டேனரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அவருடைய சின்னக் காருக்கு ஃபில்டர் வாங்க வந்தால் விலை கேட்கமாட்டார், பெயர் கேட்கமாட்டார். இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் பார்ப்பது போல மேலும் கீழும் அசைப்பார். கனமானது அவருடையது. நல்ல தோலுக்கும் நல்ல ஃபில்டருக்கும் கை சொல்வதுதான் கணக்கு என்பார். அதைப் பார்த்து எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்கினார்கள்.

எனக்குச் சந்தேகம். ஆனால் அவரிடம் எதிர்த்துப் பேசுவதா? மேஸ்திரி அவர் வண்டியில் ஃபில்டர் மாற்றிய அன்று, கழற்றியதை வாங்கி வெட்டி வைத்துக்கொண்டேன். கூடவே எடை குறைந்த இன்னொன்றையும் வெட்டினேன். கனமானதில் தகரம் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுவது போல அவ்வளவு தடிமன், அடித்தட்டு அதைவிடத் தடிமன், காகிதம் மட்டும் கைக்குட்டை அளவு. லேசானதில் காகிதத்தை விரித்தால் மேசை ஓரம் வரைக்கும் போனது. அடுத்த முறை அவர் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் அவர் முன்னால் பிரித்து வைத்தேன். பாய் காகிதத்தைத் தடவினார், தகரத்தை நிமிண்டினார், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“சரோஜாம்மா, இத்தனை வருஷமா எலும்பை எடை போட்டு, கறின்னு வாங்கிட்டுப் போயிருக்கேன்.”

மாமனார் மாதிரி ஒரு கார்

சலீம் முன்பு டேனரியில், தோலைக் கெமிக்கலில் போட்டுச் சுற்றும் டிரம் செக்‌ஷனில் இருந்தவர். கெமிக்கல் ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் புண்ணாகி, அந்த வேலையை விட்டு ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். நிரந்தரச் சவாரி ஒன்று உண்டு. சியாமளா டீச்சர் என்று ஒரு ரிட்டயர்டு அம்மா. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். அந்தச் சவாரியை வைத்துத்தான் வீடு ஓடுகிறது.

ஒரு நாள் சலீம் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். காலையில் முதல் தடவை வண்டியை ஸ்டார்ட் செய்தால் மீட்டரில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறதாம். சாவி திருப்பும்போது எல்லா வண்டியிலும் எரியும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிட வேண்டும். இவர் வண்டியில் உடனே அணைய மறுக்கிறது, அணையும் வரை இன்ஜின் டக்டக்கென்று அடித்துக்கொள்கிறது. எத்தனை எண்ணும் வரைக்கும் என்று கேட்டேன். ஏழு என்றார். ஒரு தடவை அணைந்துவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை. மேஸ்திரி ஆயிலைப் பார்த்தார், புதுசு. ஃபில்டரும் போன சர்வீஸில் மாற்றிய புதுசு. அப்படியானால் பேரிங் தேய்ந்திருக்கலாம், இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு வாரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் வண்டி நின்றால் டீச்சர் வேறு வண்டிதான் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் காத்திருக்காது. கணியம்பாடியிலிருந்து ஒருவர், வண்டியை இப்படியே வாங்கிக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வண்டியைக் கொடுத்துவிட்டால் சலீமுக்கு மறுபடியும் டிரம் செக்‌ஷன்தான்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடிந்தது ஒன்றுதான். டீ வரவழைத்தேன். குடித்து முடித்ததும் அவருக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், எழுந்து போகும்போது சிரிக்க வைத்துவிட்டுப் போனார்.

“இந்த வண்டி எங்க மாமனார் மாதிரிக்கா, காலையில எழுந்ததும் ஒரு கத்து கத்தும், அப்புறம் நாள் பூரா சத்தமே வராது.”

உயிர் இல்லாத ரப்பர்

காலையில் மட்டும் கத்துவது என்ற அந்தப் பேச்சு எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மேஸ்திரியிடம் போய், வண்டி தூங்கும்போது ஆயில் எங்கே போகும் என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது, சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வி. ஆனால் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். இன்ஜின் நின்றால் ஆயில் அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். சலீம் வண்டியில் ஃபில்டர் படுத்தவாக்கில் இருப்பதால் அதற்குள் இருக்கும் ஆயிலும் இறங்கப் பார்க்கும். இறங்காமல் தடுக்க ஃபில்டர் வாயின் உள்பக்கம் வளையமாக ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அது சரியாக மூடாவிட்டால் ராத்திரியோடு ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்ப வேண்டும், அதற்கப்புறம்தான் இன்ஜினுக்கு ஆயில். அதுவரை விளக்கு எரியும், இன்ஜின் அடித்துக்கொள்ளும். இதையெல்லாம் சொல்லிவிட்டு மேஸ்திரி, ஆனால் அது புது ஃபில்டர் ஆயிற்றே என்று தாடையைச் சொறிந்தார்.

அது எங்கள் கடையில் வாங்கிய ஃபில்டர். தனபால் புதிதாக வேலூரிலிருந்து எடுத்துவந்த பெட்டியில் அதே மாதிரி இன்னும் எட்டு இருந்தன. ஓடி வந்து புதுசிலேயே ஒன்றை வெட்டிவிட்டேன். தனபால் தலையில் கை வைத்துக்கொண்டான். மடிப்பு சரியாக இருந்தது, பசை சரியாக இருந்தது. ரப்பர் வளையத்தை எடுத்துப் பார்த்தேன், கறுப்பாக, வட்டமாக, ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பஷீர் பாய் வந்தார். என் கண் தோற்ற இடத்தில் அவர் கை வேலை செய்தது. வளையத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மடித்தார். அது மடங்கமாட்டேன் என்றது, அழுத்தியதும் மடிப்பிலேயே வெள்ளைக் கோடு விழுந்தது. பழைய நல்ல ஃபில்டரிலிருந்து எடுத்த ரப்பரை மடித்தார். அது சுருண்டு, விட்டதும் பழையபடி விரிந்தது.

“தோலா இருந்தா இதுக்கு நான் கிரேடே போட மாட்டேன்மா, கட்டை கணக்கா கெடக்குது.”

எலுமிச்சம்பழத்துக்குப் பதில்

மீதி ஏழு ஃபில்டர் இருந்தது. எல்லாவற்றையும் வெட்டித் திறந்தால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. வெட்டாமல் எப்படிப் பார்ப்பது? அன்று கடை மூடிப் போனபின் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு. காலையில் வழி கிடைத்துவிட்டது. ஃபில்டரின் வாயில் நடுவே ஒரு பெரிய ஓட்டை, அதைச் சுற்றிச் சின்ன ஓட்டைகள். ரப்பர் மூடி காவல் காப்பது சின்ன ஓட்டைகளை. நடு ஓட்டை வழியாகச் சுத்தமான ஆயிலை மெதுவாக ஊற்றி நிரப்பினேன். நடு ஓட்டையை இறுக்கமான கார்க்கால் அடைத்தேன். துடைத்துவிட்டு, வாய் கீழே பார்க்க, கயிற்றில் கட்டி, கடை முன்னால் இருக்கும் கம்பியில் ஏழையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு. ரப்பர் நன்றாக இருந்தால் தட்டு காய்ந்து கிடக்கும். இல்லையென்றால் சின்ன ஓட்டை வழியாகச் சொட்டும்.

மதியத்துக்குள் நாலு தட்டில் ஆயில். மூன்று தட்டு கழுவி வைத்தது போல இருந்தது. ஒரே பெட்டி, ஒரே பெயிண்ட், ஒரே பெயர், நாலு ஒழுகுகிறது, மூன்று பிடித்து நிற்கிறது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது, ஆடத் தெரியாததால் தட்டுகளை எடுத்துக் கழுவினேன். ஆயிலை வடித்து, வாயைப் பிளாஸ்டிக் உறையால் கட்டினேன். கைப்பையில் ஃபேக்டரி நாளிலிருந்து மிச்சம் இருந்த சிவப்பு அம்புகளை எடுத்து, ஒழுகிய நாலிலும் ஓட்டையைப் பார்த்த மாதிரி ஒட்டினேன். நல்ல மூன்றுக்கும் வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்பு, ஏழும் தொங்கிக்கொண்டிருந்தபோது, டயர் கடைக்காரரின் மனைவி ரோட்டில் நின்று அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டதைச் சொல்ல வேண்டும்.

“இன்னாக்கா, எலுமிச்சம்பழம் வெலை ஏறிப்போச்சுன்னு திருஷ்டிக்கு இதைக் கட்டிட்டியா?”

லாங் பஜாரில் வாய் திறக்காமல்

ஒழுகிய ரகத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச மறுநாள் நான் வேலூருக்குப் போனேன். கடையில் சரக்கு இறங்கும் நாள் என்பதால் தனபால் வர முடியவில்லை. கிளம்பும் அவசரத்தில், சலீம் வந்தால் நான் பார்த்து வைத்ததில் ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொல் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். எப்போதும் போல நாலு வார்த்தைதான் பேசினேன்.

லாங் பஜாரில் பைக்குக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் புகுந்து அந்த மொத்தக் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. உள்ளே ஏழெட்டு பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை. பையிலிருந்து வெட்டிய ஃபில்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் மடங்காத ரப்பர். அதன் பக்கத்தில் மடங்குகிற ரப்பர். கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டையும் மடித்துப் பார்த்தார். வேலையாளைக் கூப்பிட்டு அந்தப் பெட்டி வரிசையைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். புது ஆள் ஒருவரிடம் எடுத்த சரக்காம், அவருக்கும் தெரியாதாம். மாற்றித் தருகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வரும்போது கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“எல்லாரும் பில்லை எடுத்துட்டு வந்து சண்டை போடுவாங்கம்மா, நீங்க வயித்தைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து சும்மா நிக்கிறீங்க.”

பொட்டு

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, சலீம் கடைக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. புது ஃபில்டர் மாட்டிய பிறகும் விளக்கு அப்படியே எரிகிறது, ஏழு எண்ணிய இடத்தில் இப்போது எட்டு எண்ண வேண்டியிருக்கிறது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அக்கா இவ்வளவு பாடுபட்டீங்க என்றார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாளைக்குக் கணியம்பாடிக்காரர் வருகிறார். டீச்சரிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமைக்கு வேறு வண்டி பார்க்கச் சொல்லி, என்றார். அதைக் கேட்டு டீச்சர் கதவு வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தாராம்.

அப்படியென்றால் பேரிங்தான். நான் ஃபில்டரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது வீண். ஆனாலும் எனக்கு ஒரு பழக்கம், திருப்பி வந்த சரக்கைக் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன். எந்தக் காலத்திலும் கார் பக்கம் போகாதவள், மேஸ்திரி ஷெட்டுக்குப் போய், வண்டிக்கடியில் அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்தேன். மேலே ஃபில்டர். அதன் மேல் நெல் அளவு சிவப்பாக ஒன்று. என் அம்பு. ஒழுகுகிற ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, நான் ஒட்டிய இடத்தில், நான் ஒட்டியபடியே.

வெளியே வந்து சிரித்தேனா, மூச்சு வாங்கினேனா என்று தெரியவில்லை. எல்லாரும் பயந்துபோய் ஓடிவந்தார்கள். எங்கள் ஊரில் ஷூ ஃபேக்டரிக்குப் போகிற எந்தப் பெண்ணும் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் தொடக்கூட மாட்டாள். என் தம்பி படித்து முடித்த நாளிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருப்பவன். சலீம் டிரம் சுற்றியவர், அங்கே ஸ்டிக்கரே கிடையாது. மேஸ்திரிக்கு நட்டு போல்ட்டுதான் உலகம். ஏன் அதை எடுத்தாய் என்று தனபாலிடம் கேட்டேன். அவனுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்பது அப்போதும் புரியவில்லை.

“நீதானே பார்த்து வச்சதைக் குடுன்னு சொன்ன, மத்ததெல்லாம் மொட்டையா இருக்குது, இதுக்குத்தான் பொட்டு வச்சிருந்த.”

ஒண்ணு

சனிக்கிழமை சாயங்காலமே மேஸ்திரி அந்தப் பொட்டு வைத்ததைக் கழற்றினார். மொட்டையாக இருந்த மூன்றில் ஒன்றை நானே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாயின் வெளி ஓரத்து ரப்பரில் ஆயில் தடவி, கையாலேயே திருகி மாட்டினார். ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார். ஆனால் அதில் ஒன்றும் தெரியாது. ராத்திரி முழுக்க வண்டி தூங்கி எழுந்தால்தான் தெரியும். சலீம் வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேரும் முன்பே தனபால் அங்கே இருந்தான். பஷீர் பாய் தொழுகை முடித்து நேராக வந்திருந்தார். மேஸ்திரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். கணியம்பாடிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, ஒரு கையில் ஹெல்மெட், ஆள் ரொம்பச் சாது. இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு காரைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, ஏதாவது பூஜையா என்று கேட்டார். சலீம் உள்ளே உட்கார்ந்தார். பிஸ்மில்லா என்று சொல்லிக்கொண்டு சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்தார். நான் செக்கிங் டேபிளில் எண்ணுவது போல உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு என்ற வார்த்தையில் நான் பாதி வரும்போது விளக்கு இல்லை. டக்டக் இல்லை. இன்ஜின் தையல் மிஷின் போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, பேரிங் நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு அப்போதுதான் டீயைக் குடித்தார்.

சலீம் இறங்கும் முன்பே டீச்சருக்குப் போன் போட்டார். நாளைக்கு வர்றேன் மேடம் என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் எங்கள் எல்லாருக்கும் கணியம்பாடிக்காரர் ஞாபகம் வந்தது. சலீம் அவரிடம் போய், பொட்டு வைத்த ஃபில்டர் கதையைச் சொல்லி, வண்டியைக் கொடுக்கிறதாக இல்லை, மன்னிச்சுக்குங்க என்றார். பெட்ரோல் போட்டு இவ்வளவு தூரம் வந்த மனுஷன் கோபப்படுவார் என்று நான் மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவரோ ஹெல்மெட்டைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு, என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார்.

“வண்டி போனா போவுதும்மா, எங்க மச்சான் காரும் காலையில இப்படித்தான் கத்துது, அந்தப் பொட்டு வைக்காத ஃபில்டர்ல ஒண்ணு குடுங்க.”

நல்ல ஃபில்டர் மாட்டினால் ஒன்றுமே நடக்காது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, அந்த ஒன்றும் நடக்காததைப் பார்க்கத்தான் அன்று நாங்கள் ஐந்து பேர் சலீம் காரின் ஜன்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம்.